அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம்: சிறுவர்களுக்கு விளையாட்டு கற்றுக்கொடுக்க முன்வருவோர் கவனத்திற்கு

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால், இன்று நம் மஹல்லாக்கள் பலவற்றில் ஒரு மகிழ்ச்சியான காட்சியைப் பார்க்க முடிகிறது. பக்கத்துக் காலி மனையிலோ, பள்ளிக்கூட மைதானத்திலோ இருபது, முப்பது சிறுவர்கள் திரண்டு நிற்கிறார்கள். கல்லூரி முடித்த வாலிபர் ஒருவர் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு அவர்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறார். அவருக்குச் சம்பளம் கிடையாது. பந்து வாங்கும் செலவும் பெரும்பாலும் அவர் கையிலிருந்துதான். மாலை நேரத்தில் செல்போனில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளை வெளியே இழுத்து வருவதே இன்று ஒரு பெரிய சேவை என்பதில் சந்தேகமில்லை.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மக்தப், இரவில் டியூஷன் என்று ஓடும் நம் பிள்ளைகளுக்கு அந்த 60 நிமிடத்தைத் தேடித் தருபவர் இந்தத் தன்னார்வப் பயிற்சியாளர்தான். ஆனால் ஆர்வம் மட்டும் இதற்குப் போதாது. ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் எடுப்பவர் பெரியதோர் அமானிதத்தைக் கையில் எடுக்கிறார். இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு செய்துதான் தெரிந்துகொண்டோம்.

நாம் செய்த தவறு

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நம் மஹல்லா வாலிபர்கள் சிறுவர் கால்பந்துக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். மக்தபில் ஓதிக்கொடுக்கும் நாமும் அதில் சேர்ந்துகொண்டோம். பிள்ளைகளுக்கு உற்சாகம், நமக்கும் உற்சாகம். மூன்று மாதத்தில் பக்கத்து ஊரில் நடந்த ஒரு சிறிய போட்டிக்கு அழைத்துப் போனோம். கடைசி நிமிடத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பந்தைத் தவறவிட, எதிரணி கோல் போட்டுவிட்டது. ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் அவனைப் பார்த்து, “உன்னாலதான்டா தோத்தோம்” என்று சொல்லிவிட்டோம். கோபம் ஒரு நிமிடத்தில் தணிந்துவிட்டது. திரும்பி வரும்போது எல்லோருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தோம். அத்தோடு மறந்தும் போனோம்.

அந்தப் பிள்ளை மறக்கவில்லை. அடுத்த நாள் மைதானத்துக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்து மக்தபுக்கும் வருவது நின்றுபோனது. வீட்டுக்குப் போய் விசாரித்தபோது அவனுடைய உம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஹஜ்ரத், நீங்க இருக்கிற இடத்துக்கு வரமாட்டேங்கிறான். அன்னைக்கு ராத்திரி முழுக்க அழுதான். கோபிச்சுக்காதீங்க.”

கோபித்துக்கொள்ள நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவனுடைய அத்தா சமாதானப்படுத்தி மக்தபுக்கு அனுப்பி வைத்தார். மைதானத்துக்கு மட்டும் அவன் திரும்பி வரவே இல்லை. இப்போது பிளஸ் டூ படிக்கிறான். தெருவில் பார்த்தால் ஸலாம் சொல்வான். நாமும் பதில் சொல்வோம். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் இன்றும் நம் இருவருக்கும் நடுவில் நிற்கிறது.

மத்ரஸாவில் ஏழாண்டுகள் ஓதினோம். கல்லூரியில் பட்டமும் வாங்கினோம். தோற்றுப்போய் நிற்கும் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளாமல் மைதானத்தில் இறங்கிவிட்டோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பயிற்சியாளர் சொல்லும் ஒரு வார்த்தை

இது நம் ஒருவருடைய அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்ற இரு உளவியல் பேராசிரியர்கள் 1970களிலிருந்து சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அங்கே சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி தருபவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளின் தந்தைமார்தான். அதாவது நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்.

அவர்கள் சில பயிற்சியாளர்களை மட்டும் அழைத்து, சீசன் தொடங்குவதற்கு முன் சில மணி நேரப் பயிலரங்கு ஒன்று நடத்தினார்கள். அதில் விளையாட்டு நுணுக்கம் எதையும் சொல்லித் தரவில்லை. பிள்ளை நன்றாகச் செய்தால் உடனே பாராட்டுங்கள், முயற்சி செய்தாலே பாராட்டுங்கள், தவறு செய்தால் முதலில் தேற்றுங்கள், பிறகு எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுங்கள், திட்டாதீர்கள், தண்டிக்காதீர்கள். சொல்லித் தந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்.

1992ல் வெளியான அவர்களுடைய ஆய்வின் முடிவு நாம் ஒவ்வொருவரும் மனதில் பதிக்க வேண்டியது. பயிலரங்கில் கலந்துகொள்ளாத பயிற்சியாளர்களிடம் இருந்த பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் அடுத்த ஆண்டு விளையாடத் திரும்பி வரவில்லை. கலந்துகொண்டவர்களிடம் இருந்த பிள்ளைகளில் திரும்பி வராதவர்கள் 5 சதவீதம் பேர் மட்டுமே. இதற்கு வெற்றி தோல்வி காரணமல்ல. இரு தரப்பு அணிகளின் வெற்றிக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மாறியது பயிற்சியாளரின் நாக்கு மட்டும்தான். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் இதில் அதிகப் பயன் கிடைத்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

நபிவழியில் கிடைக்கும் பாடம்

இந்த ஆய்வைப் படித்தபோது நமக்கு அனஸ் (ரலி) அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். சிறுவராக வந்து நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்தவர்கள். அந்தப் பத்தாண்டுகளில் நபியவர்கள் தம்மிடம் ஒருமுறைகூடச் சலித்துப் பேசியதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அவர்கள் சாட்சி சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பத்தாண்டுகளில் ஒரு சிறுவர் எத்தனை தவறு செய்திருப்பார்!

இன்னொரு சம்பவமும் முஸ்லிமில் வருகிறது. ஒருநாள் நபியவர்கள் அனஸை ஒரு வேலையாக அனுப்புகிறார்கள். வழியில் கடைத்தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்க, அனஸ் அங்கேயே நின்றுவிடுகிறார். திடீரென்று பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் நபியவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் அந்தக் கை என்ன செய்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்ப்போம்.

பயிற்சி முறைக்கும் அங்கே வழிகாட்டுதல் உண்டு. நபியவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம். முதலாவது ஐந்தாறு மைல் என்றும், இரண்டாவது ஒரு மைல் என்றும் அறிவிப்பாளர் ஸுஃப்யான் விளக்குகிறார். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. குதிரைக்கே அதன் தகுதிக்கேற்ற தூரம் என்றால், எட்டு வயதுப் பிள்ளையைப் பதினைந்து வயதுப் பையனோடு ஒரே மைதானத்தில் ஓடவிடுவது என்ன நியாயம்?

பயிற்சியாளர்களில் சிலருக்குத் தம் பிள்ளையும் அதே குழுவில் இருக்கும். அவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. அஸ்லம் குலத்தார் அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்த நபியவர்கள், தாம் ஒரு அணியுடன் இருப்பதாகச் சொன்னதும், மற்ற அணி வில்லைக் கீழே இறக்கிவிட்டது. நீங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்பது அவர்களுடைய கேள்வி. உடனே நபியவர்கள் தாம் எல்லோருடனும் இருப்பதாகச் சொல்லி ஆட்டத்தைத் தொடர வைத்தார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. பயிற்சியாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பிள்ளைகள் உணர்ந்தால் அவர்களுடைய கை தானாகவே தளர்ந்துவிடும்.

நார்வே நாட்டின் அனுபவம்

பிள்ளைகளைச் சிறு வயதிலேயே போட்டி, கோப்பை என்று முடுக்கிவிட்டால்தான் பெரிய வீரர்களாவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். நார்வே நாடு இதற்கு நேர்மாறான வழியில் போகிறது. 55 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு, 1987லேயே சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகளை வகுத்தது. பின்னர் குழந்தைகளின் உரிமைகளையும் அதில் சேர்த்தது. 11 வயது வருவதற்கு முன்பு சிறுவர் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் போடக் கூடாது. மிகச் சிறியவர்களுக்கு உள்ளூர்ப் போட்டிகள் மட்டுமே. எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம் என்பதில் பிள்ளையின் விருப்பத்துக்கும் இடம் உண்டு. பயிற்சி தருபவர்களில் பெரும்பாலோர் பெற்றோரும் தன்னார்வலர்களுமே.

அப்படி வளர்ந்த பிள்ளைகள் சோடை போய்விட்டார்களா? 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் நார்வே 39 பதக்கங்கள் வென்று முதலிடம் பெற்றது. 2022ல் 16 தங்கம் வென்று மீண்டும் முதலிடம். பனி நாடு, பண வசதியும் உண்டு என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் சிறுவயதில் கோப்பைக்காக விரட்டாததால் ஒரு நாடு விளையாட்டில் பின்தங்கிவிடாது என்பது இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்க வேண்டும்?

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் கவனம் சிதறும், சண்டை தொடங்கும்.

முதலாவது, வரிசையில் நிற்க வைக்காதீர்கள். ஒரு பந்தை வைத்துக்கொண்டு இருபது பேரை வரிசையில் நிறுத்தினால், ஒரு பிள்ளை ஒரு முறை உதைக்கும், பத்தொன்பது முறை காத்திருக்கும். காத்திருக்கும் பிள்ளைதான் முன்னால் நிற்பவனைக் கிள்ளும். முடிந்தவரை இருவருக்கு ஒரு பந்தாவது வேண்டும். ஜமாஅத்திலோ வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர்களிடமோ உதவி கேட்டால் பத்துப் பந்து வாங்குவது பெரிய காரியமல்ல.

இரண்டாவது, சின்ன ஆட்டமாக ஆடவிடுங்கள். பதினோரு பேருக்குப் பதினோரு பேர் என்பது பெரியவர்களின் கணக்கு. ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர், சின்ன மைதானம், செருப்பை வைத்துக் கோல் போஸ்ட். இப்படி ஆடும்போது கூச்ச சுபாவமுள்ள பிள்ளையின் காலிலும் பந்து பலமுறை படும். முழு மைதானத்தில் அவன் ஒரு மணி நேரமும் ஓரத்தில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவான்.

மூன்றாவது, எல்லோருக்கும் சம நேரம் கொடுங்கள். நன்றாக ஆடுபவனை மட்டும் இறக்கினால் இன்று ஜெயிக்கலாம். ஆனால் உட்கார வைக்கப்பட்டவன் ஒரு நாளும் கற்றுக்கொள்ள மாட்டான். பத்து வயதில் சிறந்து விளங்குபவர்களில் பலர், வகுப்பில் மற்றவர்களைவிட ஆறேழு மாதம் மூத்தவர்களாகவோ சீக்கிரம் வளர்ந்தவர்களாகவோ இருப்பார்கள். அதைத் திறமை என்று நாம் தவறாக எண்ணிக்கொள்கிறோம். பிந்தி வளர்பவனின் நேரம் பிறகு வரும்.

நான்காவது, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். “டேய் குண்டா”, “சோடாபுட்டி” என்று பட்டப்பெயர் வைப்பது மைதானத்தில் சகஜமாகிவிட்டது. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைக் குர்ஆன் தடுத்திருக்கிறது என்பதை வெள்ளிக்கிழமை பயானில் சொல்லிவிட்டு சனிக்கிழமை மைதானத்தில் மறந்துவிடக் கூடாது.

ஐந்தாவது, திருத்தும்போது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். “நல்லா ஓடி வந்தே. அடுத்த தடவை பந்துக்குப் பக்கத்துல இன்னொரு காலை ஊன்றிட்டு உதைச்சுப் பாரு” என்றால் பிள்ளைக்குப் புரியும். நான்கு குறையை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள். ஓடுவதே தண்டனை என்று கற்றுக்கொள்ளும் பிள்ளை பிறகு எப்படி ஓட்டத்தை விரும்பும்?

மஃரிப் பாங்குக்குக் கால் மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். கை கால் கழுவி, தண்ணீர் குடித்து, உளூச் செய்து தொழுகைக்கு நிற்க நேரம் கிடைக்கும். விளையாட்டும் தொழுகையும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் வராது.

பந்து, வெயில், காயம்

சிறுவர்களுக்குப் பெரியவர்களின் பந்தைக் கொடுக்கக் கூடாது. கால்பந்தில் எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 3ஆம் எண் பந்து, சுமார் 8 முதல் 12 வயது வரை 4ஆம் எண், அதற்கு மேல் 5ஆம் எண் என்பது பரவலான வழக்கம். சிறு பிள்ளைகளுக்குத் தலையால் முட்டும் பயிற்சி வேண்டாம். அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015ல் பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு அதைத் தடை செய்துவிட்டது. கிரிக்கெட்டில் பெரியவர்களின் தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ளது. 13 வயதுக்கு உட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம்தான். தொடக்கத்தில் டென்னிஸ் பந்தே போதுமானது.

நம் ஊர் வெயிலையும் கவனிக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரை ஊர்களில் அஸர் முடியும் நேரத்திலும் வெயில் சுள்ளென்று அடிக்கும். கோடைக் காலத்தில் ஐந்து மணிக்கு மேல் தொடங்குவது நல்லது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, தாகமெடுத்தாலும் எடுக்காவிட்டாலும், எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி, பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே நிழலில் படுக்க வைத்து, உடலில் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தலையில் அடிபட்ட பிள்ளை, “எனக்கு ஒண்ணுமில்லை” என்று சொன்னாலும் அன்று மறுபடி விளையாட விடக் கூடாது. பெற்றோருக்குச் சொல்லாமல் இருக்கவும் கூடாது. வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், கடும் தலைவலி இருந்தால் இரவானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு என்பதைச் சேர்க்கும் நாளிலேயே பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலுதவிப் பெட்டியும், அவசரத்துக்கு அழைத்துப் போக ஒரு வண்டியும் எப்போதும் இருக்கட்டும்.

பேசத் தயங்கும் விஷயம்

இதை எழுதும்போது நமக்கும் தயக்கம் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விடுவது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். சிறுவர்களோடு பழகும் வாய்ப்பைத் தேடியே சில கெட்ட மனிதர்கள் சேவை என்ற பெயரில் வருகிறார்கள். பள்ளிக்கூடம், விளையாட்டுக் குழு, மத்ரஸா என்று எந்த இடமும் இதற்கு விதிவிலக்கல்ல. “நம்ம பையன்தானே” என்ற நம்பிக்கை மட்டும் போதாது. விதிகள் வேண்டும்.

எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் மைதானத்தில் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியாக அறைக்கோ, வண்டியிலோ, வீட்டுக்கோ அழைத்துப் போகக் கூடாது. உடை மாற்றும் இடத்தில் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் தனியே இருக்கக் கூடாது. பிள்ளையோடு தனிப்பட்ட முறையில் செல்போனில் பேசுவதும் செய்தி அனுப்புவதும் கூடாது. எதுவானாலும் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான். பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகளின் படத்தைப் பகிரக் கூடாது. பெற்றோர் யாராக இருந்தாலும், எந்த நேரமும், சொல்லாமல் வந்து பார்க்கலாம். இந்த விதிகள் நல்ல பயிற்சியாளரையும் வீண் சந்தேகத்திலிருந்து காப்பாற்றுகின்றன.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2012ல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைகளே. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயக் கடமை. தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். ஜமாஅத்தில் கூடி, இரு தரப்பையும் உட்கார வைத்து, ஊர் மானம் போய்விடும் என்று பேசி முடிக்கும் விவகாரமல்ல இது. பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்வதை நம்புங்கள், அவன் மேல் பழி போடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு?

மைதானம் என்றாலே நம் மனதில் ஆண் பிள்ளைகள் மட்டும்தான் வருகிறார்கள். ஆனால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல் முறை அன்னை முந்தினார்கள். காலம் கழித்து மறுமுறை ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். அபூதாவூதில் இந்தச் செய்தி இருக்கிறது. ஆறேழு வயதுச் சிறுமிகள் ஓடவும் பந்து விளையாடவும் நம் மஹல்லாவில் இடமில்லை என்றால், அந்தக் குறை நம்முடையது. வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு மார்க்க ஒழுங்குக்கு உட்பட்ட தனி இடமும், தனி நேரமும், பெண் பயிற்சியாளரும் ஏற்பாடு செய்யலாம். உடற்கல்வி படித்த சகோதரிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். யாரும் கேட்காததால்தான் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்

மைதான ஓரத்தில் நின்றுகொண்டு, “இந்தப் பக்கம் அடி! ஏண்டா விட்டே?” என்று கத்தாதீர்கள். ஒரு பக்கம் பயிற்சியாளரும் மறு பக்கம் அத்தாவும் வெவ்வேறு உத்தரவு போட்டால் நடுவில் நிற்கும் பிள்ளை யார் பேச்சைக் கேட்பான்? வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது, “எத்தனை கோல் போட்டே?” என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். “இன்னைக்கு ஜாலியா இருந்துச்சா?” என்று கேளுங்கள். அவன் தோற்றிருந்தால் அவனாகப் பேசும் வரை விட்டுவிடுங்கள்.

பயிற்சியாளர் இலவசமாக வருகிறார் என்பதற்காகப் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு மறந்துவிடவும் வேண்டாம். நேரத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள், நேரத்துக்கு வந்து அழைத்துச் செல்லுங்கள். மாதம் ஒருநாள் நீங்களும் கூட நின்று உதவுங்கள். மைதானத்தில் கல் பொறுக்குவதும் உதவிதான்.

நிய்யத்தும் நிலைத்தன்மையும்

சேவை செய்ய முன்வரும் வாலிபர்களிடம் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் தினமும் வந்துவிட்டு, இரண்டாம் மாதம் காணாமல் போவதைவிட, வாரம் இரண்டு நாள் என்று முடிவு செய்து ஆண்டு முழுவதும் வருவது மேலானது. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நாமெல்லாம் அறிந்த நபிமொழியின் கருத்து. பிள்ளைகள் அஸருக்கே வந்து வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வர முடியாத நாளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நன்றியையும் எதிர்பார்க்காதீர்கள். நாம் பயிற்சி கொடுத்த பிள்ளைகளில் யாரும் இதுவரை மாவட்ட அணிக்குக்கூடப் போகவில்லை. ஆனால் அன்று எட்டு வயதில் வந்தவர்களில் இருவர் இன்று நம்மோடு நின்று சிறியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். சென்ற மாதம் ஒரு சிறுவன் நேர்க் கோலைத் தவறவிட்டான். நாம் வாய் திறப்பதற்கு முன்பே அந்த இருவரில் ஒருவர் ஓடிப்போய் அவன் தோளில் கை போட்டு, “பரவாயில்ல தம்பி, நீ சரியான இடத்துக்கு ஓடி வந்தே பாரு, அதுதான் முக்கியம்” என்றார். அவன் மறுநாளும் வந்தான்.

பிள்ளை மறுநாளும் வருகிறானா என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய கணக்கு. நம் மஹல்லாக்களின் மைதானங்கள் அழுதுகொண்டு திரும்பும் பிள்ளை இல்லாத இடங்களாக ஆகட்டும். நம் நாவால் காயப்பட்ட உள்ளங்கள் நம்மை மன்னிக்கவும், இனி எவரையும் காயப்படுத்தாமல் இருக்கவும் அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.